கருக்கு: பெயர் அறியாத ஒருவரின் முதல் நூல்

1992ஆம் ஆண்டு மதுரையில் வெளிவந்த ‘கருக்கு’ என்னும் நூலின் ஆசிரியர் பாமாவை அந்நாளில் அறிந்தோர் மிகச் சிலரே. விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில், தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் 1958இல் பிறந்தவர். ஆசிரியையாயிருந்து கன்னியர் மடம் புகுந்து, ஏறத்தாழ ஏழாண்டுகளுக்குப் பின் வெளியேறியவர். நூல் தன்வரலாறா, புதினமா? வகைப்படுத்துவது எளிதன்று.

பனைமட்டையின் இருபுறமும் வெட்டும் விளிம்பே கருக்கு. எபிரேயர் திருமுகம் கூறும் இருபுறமும் கூரான வாளை அவர் முன்னுரையில் நினைவூட்டுகிறார். விவிலியம் பயின்ற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தம் தெருவின் பேச்சுத் தமிழிலேயே அவர் எழுதினார். பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கைபடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிச் சென்று நிலவுடைமையாளரிடம் நீட்டுகிறார். பார்த்த சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. அண்ணன் காரணத்தைச் சொன்னதும் அச்சிரிப்பு அடங்கிவிடுகிறது. கோயிலிலும் மடத்திலும் நிலவிய சாதியைச் சொல்லும் பக்கங்களும் இவ்வாறே. அங்கே ஓங்கிய குரல் இல்லை, ஆயினும் நம்மால் எளிதில் கடந்து செல்ல இயலாது.

இந்நூலை வெளியிட்டது, மதுரை இயேசு சபையார் நடத்திய சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம். திருச்சபையைக் கேள்வி கேட்ட நூல் திருச்சபையின் கைவழியாகவே வந்தது. அடுத்து 1994இல் ‘சங்கதி’, 1996இல் ‘கிசும்புக்காரன்’. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் 1999இல் ஆங்கிலத்தில் தந்த ‘கருக்கு’ 2000ஆம் ஆண்டு கிராஸ்வேர்ட் விருது பெற்றது. அதன்பின்னரே நம்மவர் பலர் தமிழ்மூலத்தைத் தேடினர்.