97 வயசில் ஒரு தனிக் கச்சேரி

ஹார்ப் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது, பழைய இங்கிலீஷ் படங்களில் மேகத்து மேலே உட்கார்ந்து தேவதைகள் மீட்டுகிற அந்த முக்கோண வாத்தியம்தான். நம்ம யாழுக்கு ஒண்ணுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். யாழ் வில் மாதிரி வளைந்திருக்கும், முன்பக்கம் தூண் கிடையாது. ஹார்ப்புக்குத் தூண் உண்டு. அவ்வளவுதான் பார்வைக்கு வித்தியாசம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 1792 ஜூலையில் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஹார்ப் கலைஞர்களைக் கூட்டி ஒரு விழா நடத்தினார்கள். நாடெல்லாம் அறிவிப்பு கொடுத்தும் வந்து சேர்ந்த ஐரிஷ்காரர்கள் பத்தே பேர். கூட வேல்ஸிலிருந்து ஒருத்தர். பலருக்குக் கண் தெரியாது. அம்மை போட்டுப் பார்வை போன பிள்ளைகளுக்கு ஹார்ப் கற்றுக்கொடுத்துப் பிழைக்க வழி பண்ணுவது அங்கே வழக்கம். அவர்களை ஆதரித்த பழைய கேலிக் பிரபுக்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே நிலத்தை இழந்து ஒழிந்துபோனார்கள். புதுப் பணக்காரர்கள் வீட்டில் புது மேல்நாட்டு வாத்தியங்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. மிச்சமிருந்தவர்கள் ஊர் ஊராய்ப் போய் வாசித்தார்கள்.

முதல் பரிசு பத்து கினி சார்லஸ் ஃபேனிங்குக்கு. இரண்டாம் பரிசு எட்டு கினி ஆர்தர் ஓ'நீலுக்கு. ஆனா என்னை இந்தப் பதிவு எழுத வைத்தவர் பரிசு வாங்காத ஒரு கிழவர். பேர் டெனிஸ் ஹெம்ப்சன். வயசு 97 என்று கணக்கு. மூணு வயசில் அம்மையில் கண் போனவர். 12 வயசில் ஒரு பெண்மணியிடம்தான் ஹார்ப் கற்க ஆரம்பித்தார். 1745இல் எடின்பரோ போய் இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் முன்னாடி வாசித்தவர்.

இவர்கிட்ட என்ன விசேஷம்? வந்தவர்களில் நகத்தால் வாசித்தவர் இவர் ஒருத்தர்தான்! மத்தவங்க எல்லாரும் விரல் சதையால் வாசித்தார்கள். பழைய ஐரிஷ் ஹார்ப்புக்கு உலோகக் கம்பி. நகம் பட்டால் மணி மாதிரி கணீர்னு கேட்கும், கேட்டுக்கிட்டே இருக்கும். அதனால ஒரு கம்பியை மீட்டும்போதே முந்தின கம்பியை விரலால் அமுக்கி அடக்கணும். இல்லைன்னா எல்லா ஸ்வரமும் கலந்து கூழாகிவிடும். எதை அடக்குவது, எதை ஒலிக்க விடுவது என்பதில்தான் வித்தையே இருக்கு.

இதையெல்லாம் எழுதி வைக்க ஒரு பையனை நியமித்தார்கள். எட்வர்ட் பன்ட்டிங், வயசு 19, சர்ச்சில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தவர். ஒரு ஸ்வரம்கூடச் சேர்க்காமல் கேட்டதைக் கேட்டபடி எழுதணும் என்பது உத்தரவு. பையனுக்குக் கிழவர்மேல் பித்துப் பிடித்துவிட்டது. விழா முடிந்த பிறகும் மகில்லிகன் கிராமத்துக்கே தேடிப்போய்க் கேட்டு எழுதினார்.

ஆனா 1796, 1809, 1840 என மூணு தொகுதியாய் வந்த புத்தகங்கள் பியானோவுக்கு! வாங்குகிறவர்கள் வீட்டில் இருந்தது அதுதானே. பியானோவுக்கு ஏற்றபடி ஸ்வரங்கள் சேர்ந்தன, மாறின. மெட்டு பிழைத்தது, கை போய்விட்டது. பன்ட்டிங்கைத் திட்ட எனக்கு மனசு வரலை. அவர் போகாமல் இருந்திருந்தால் மெட்டும் மண்ணுக்குள் போயிருக்கும்.

இன்னொரு சேதி. ஹெம்ப்சனுக்கு வீடு கட்டிக்கொள்ள வாடகையில்லாமல் நிலம் கொடுத்தவர் டெரி பிஷப். இதைப் படித்ததும் சட்டென்று நம்ம யாழ்ப்பாடி கதை ஞாபகம் வந்தது. கண் தெரியாத யாழ் வாசிப்பவனுக்கு மன்னன் மணல் நிலத்தைப் பரிசாகக் கொடுத்தான், அதுதான் யாழ்ப்பாணம் என்று சொல்வார்களே, அதேதான். கதையோ நிஜமோ, யாழ் வாசித்தவன் பேரில் ஒரு ஊரே இருக்கு. அவன் எப்படி வாசித்தான் என்று சொல்லத்தான் ஆளில்லை. விபுலாநந்த அடிகள் இலக்கியத்தையும் கணக்கையும் வைத்து வருஷக்கணக்காய் உழைத்து 1947இல் 'யாழ் நூல்' கொண்டுவந்தார். அவர் போய்க் கேட்க ஒரு ஹெம்ப்சன் இல்லை. அந்த வித்தியாசத்தை நினைச்சாத்தான் வயித்தைப் பிசையுது.

ஹெம்ப்சன் 1807இல் காலமானார். 1702இல் செய்யப்பட்ட அவருடைய ஹார்ப் டப்ளினில் பத்திரமாக இருக்கு. அந்த நகம்தான் இல்லை.

உங்க ஊரிலும் ஒரு வயசான நாயனக்காரரோ, வில்லுப்பாட்டுக்காரரோ இருப்பார். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது போய்ப் பாருங்க. பாட்டை மட்டும் பதிவு பண்ணாதீங்க, கையையும் படம் பிடிங்க. நம்மகிட்ட பன்ட்டிங்குக்கு இல்லாத கேமரா இருக்கே :-)