விமானமும் முயலின் சவ்வும்

இரும்புக் கம்பியை இழுத்தால், இழுக்கும் விசைக்கேற்ப ஒரே விகிதத்தில் நீளும். இது 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் கண்ட விதி. தோலும் ரத்தக்குழாயும் இவ்விதிக்குக் கட்டுப்படுவதில்லை. அப்படியானால் அவற்றை எப்படி அளப்பது?

சீனாவில் பிறந்து அமெரிக்காவில் விமானப் பொறியியல் பேராசிரியராக இருந்தவர் ஒய்.சி. ஃபங் (1919-2019). 1957இல் அவர் ஜெர்மனியில் தங்கியிருந்தபோது, சீனாவிலிருந்த தாயார் கண் அழுத்த நோயால் அவதிப்பட்டார். ஃபங் அந்நோய் பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்து, மொழிபெயர்த்துத் தாயாரின் மருத்துவருக்கு அனுப்பினார். தாய்க்காகப் படிக்கத் தொடங்கியவர், பிறகு விமானத்தை விட்டு உடலுக்கே வந்துவிட்டார்.

1967இல் அவர் வெளியிட்ட ஆய்வு, முயலின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வைப் பற்றியது. முதலில் எளிதாக நீளும் அச்சவ்வு, இழுக்க இழுக்க விறைத்தது. இந்த உறவை ஓர் அடுக்குக்குறிச் சார்பாக எழுதினார் ஃபங். சுருண்டு கிடக்கும் கொலாஜன் இழைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து பாரம் ஏற்பதே இதற்குக் காரணம் எனலாம். இன்றும் மென்திசுக் கணக்கீடுகளில் அச்சமன்பாடு பயன்படுகிறது.