அண்மையின் அறம்: இயற்கைவழிக் காய்கறியும் உழவர் சந்தையும்

அருகில் விளைந்த, இரசாயனம் தெளிக்காத காய்கறியை வாங்குவதே அறமான உணவுமுறை என்ற எண்ணம் நம் நகரங்களில் பரவி வருகிறது. தொலைவு குறைந்தால் எரிபொருள் மிச்சமாகும், புவி வெப்பமடைவது தணியும் என்பதே இதற்குப் பெரும்பாலும் காட்டப்படும் காரணம். இக்காரணம் வலுவற்றது. அமெரிக்கக் குடும்பங்களின் உணவை ஆராய்ந்து வெபர், மேத்யூஸ் இருவரும் 2008இல் வெளியிட்ட கணக்கின்படி, உணவு சார்ந்த பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் போக்குவரத்து முழுவதற்கும் உரிய பங்கு சுமார் 11 விழுக்காடு. விளைவிடத்திலிருந்து கடைக்கு வந்து சேர்வதற்கு 4 விழுக்காடு மட்டுமே. மிகப் பெரும் பங்கு உற்பத்தியிலேயே நிகழ்கிறது. அப்படியானால் அண்மைக்கு மதிப்பே இல்லையா? உண்டு. விளைவித்தவரை உண்பவர் நேரில் கேள்வி கேட்க முடியும். உழவர் படும் இழப்பை உண்பவர் அறிய முடியும். இந்தப் பொறுப்புறவே அண்மையின் அறம். அதைத் தாங்க ஓர் அமைப்பு வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இயற்கைவழி விளைபொருளைக் கண்ணால் பார்த்து அடையாளம் காண இயலாது. எனவே யாரேனும் அதற்கு உறுதி சொல்ல வேண்டியிருக்கிறது. 2001இல் நடைமுறைக்கு வந்த தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம் ஏற்றுமதியை முதன்மையாகக் கருதி அமைந்தது; அதில் மூன்றாம் தரப்பு நிறுவனம் ஆய்வு செய்து சான்று தருகிறது. அதன் செலவும் ஆவணச் சுமையும் ஓரிரு ஏக்கர் உழவருக்குப் பாரம். இதற்கு மாற்றாக வந்த பங்கேற்பு உத்தரவாத முறையில், ஒரே ஊரையோ அக்கம்பக்கத்து ஊர்களையோ சேர்ந்த ஐந்து பேருக்குக் குறையாத உழவர்கள் குழுவாகி, ஒருவர் வயலை மற்றவர் சென்று பார்த்து உறுதியளிக்கின்றனர். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும், நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் சிறு உற்பத்தியாளருக்குச் சான்றிதழிலிருந்து விலக்கு அளிக்கின்றன. நேரடி உறவு சான்றிதழின் வேலையில் ஒரு பகுதியைச் செய்யும் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இந்த உறவுக்குத் தேவையான களம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையில், அடையாள அட்டை பெற்ற உழவர் கமிஷன் இன்றி விற்கிறார். மொத்த விலையைவிடச் சுமார் 20 விழுக்காடு கூடுதலாகவும், வெளிச்சில்லறை விலையைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவாகவும் விலை வைப்பது அதன் நெறி. விற்பவர் உழவரே என்பதற்கு அடையாள அட்டை சாட்சி. எப்படி விளைந்தது என்பதற்குத்தான் சாட்சி இல்லை. பூச்சிமருந்து அடித்த கத்தரிக்காயும் அடிக்காததும் அங்கே ஒரே விலைக்குப் போகும்போது, கூடுதல் உழைப்பைச் செலுத்தியவருக்கே நட்டம்.

இயற்கை வேளாண்மை விளைச்சலைக் குறைக்கும் என்ற மறுப்பு புறந்தள்ளத்தக்கதன்று. 2012இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த சூஃபெர்ட் குழுவின் தொகுப்பாய்வு, பயிரையும் சூழலையும் பொறுத்து இக்குறைவு 5 முதல் 34 விழுக்காடு வரை எனக் கண்டது. இலங்கை 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலையும் பாதிக்கப்பட்டது, சில மாதங்களிலேயே அரசு பின்வாங்கியது. மாற்றத்தின் இழப்பு முழுவதையும் உழவர் தலையில் சுமத்தும் எந்தத் திட்டமும் நிலைக்காது என்பதே அதன் பாடம். ஓராண்டுப் பயிர் நிலம் இயற்கைவழிச் சான்று பெறச் சுமார் இரண்டு ஆண்டுகள் மாறுகாலம் கழிய வேண்டும். அக்காலத்தில் விளைச்சல் குறையக்கூடும்; இயற்கைவழிப் பொருளுக்கான விலையும் கிடைக்காது. அந்த இடைவெளியில் தவறாமல் வாங்கும் நுகர்வோர்தான் இழப்பைப் பங்கிட்டுக்கொள்கிறார்.

இது வசதி படைத்தோரின் அறம் என்பது இன்னொரு மறுப்பு. சிறப்பங்காடிகளில் அது உண்மையே. அங்கே கடை வாடகையும் பொட்டலமும் விலையில் ஏறுகின்றன. அன்றாடக் கூலியில் வாழ்பவர்மீது இக்கடமையைச் சுமத்துவதும் நேர்மையன்று. இயன்றவருக்கே இது கடமை. ஆயினும் இடைத்தரகு இல்லாத களத்தில் விலை வேறுபாடு சுருங்கும். ஆகவே, பங்கேற்பு உத்தரவாதக் குழுக்களுக்கும் மாறுகாலத்தில் உள்ள உழவருக்கும் உழவர் சந்தைகளில் தனிக் கடைகள் ஒதுக்கி, விளைவித்த முறையை விலைப்பலகையிலேயே எழுதச் செய்ய வேண்டும். வாங்குவோரும் விலை ஏறிய வாரத்தில் விலகிப் போகாமல் தொடர்ந்து வாங்க வேண்டும்.