ஜியோகேச்சிங்: பெட்டி தேடும் விளையாட்டும் காஞ்சிபுரத்தின் தேடல் மரபும்

ஜியோகேச்சிங் என்பது, ஒருவர் ஓரிடத்தில் மறைத்து வைத்த சிறு பெட்டியை, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொண்டு மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் பொழுதுபோக்கு ஆகும். பெட்டிக்குள் ஒரு சிறு குறிப்பேடு இருக்கும். கண்டுபிடித்தவர் அதில் தம் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே இருந்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும். உள்ளே இருக்கும் பொம்மை, சாவி வளையம் போன்ற சிறு பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டால், அதற்கு ஈடாக வேறொன்றை வைக்க வேண்டும். விளையாட்டின் அடிப்படை விதிகள் இவ்வளவுதான்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய இந்த விளையாட்டில் இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் உள்ளன. தமிழ்நாட்டில் இதை அறிந்தவர்கள் குறைவு. ஆனால் சிறு குறிப்புகளைக் கொண்டு மறைந்திருப்பதைத் தேடிப் போவதும், கண்டதை அங்கேயே விட்டுவிட்டுக் குறிப்பை மட்டும் எடுத்துவருவதும் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தில், ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இதைத் தம் விருப்பத்துக்காகச் செய்தவர்கள் இருந்தார்கள்.

தோற்றம்

இந்த விளையாட்டின் முன்னோடி இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் பிறந்தது. 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, எளிதில் சென்றடைய முடியாத கிரான்மியர் குளம் என்னும் இடத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். அங்குவரை நடந்து வந்தவர்கள் தம் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுச் சென்றனர். நாளடைவில் பாட்டிலுக்குப் பதில் பெட்டியும், பெயர் அட்டைக்குப் பதில் குறிப்பேடும் முத்திரையும் வந்தன. இதற்கு லெட்டர்பாக்சிங் என்று பெயர்.

விண்கோள்களைக் கொண்டு இடத்தை அறியும் ஜி.பி.எஸ். முறை அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கப்பட்டது. பொதுமக்களுக்குக் கிடைக்கும் அலைகளில் வேண்டுமென்றே பிழை சேர்க்கப்பட்டிருந்ததால், கருவி காட்டும் இடம் சுமார் 100 மீட்டர்வரை தவறக்கூடும். 2000 மே 2 அன்று அந்தப் பிழை நீக்கப்பட்டது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர், இந்தத் துல்லியத்தைச் சோதித்துப் பார்க்க, ஒரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்கு அருகே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியில் சில பொருள்களையும் குறிப்பேட்டையும் வைத்து, இடத்தின் எண்களை இணையத்தில் வெளியிட்டார். சில நாள்களிலேயே மைக் டீக் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். அதே மாத இறுதியில் மேட் ஸ்டம் என்பவர் 'ஜியோகேச்சிங்' என்ற பெயரை முன்மொழிந்தார். 2000 செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியபோது, உலகம் முழுவதிலும் இருந்த பெட்டிகள் 75 மட்டுமே.

எண்கள் சொல்வது

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் ஏறத்தாழ வட அட்சரேகை 12 பாகை 50 நிமிடத்திலும், கிழக்குத் தீர்க்கரேகை 79 பாகை 41 நிமிடத்திலும் அமைந்துள்ளது. அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது தரையில் சுமார் 1.85 கிலோமீட்டர். நிமிடத்தை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு இரண்டு மீட்டருக்கும் குறைவு. அந்த அளவுக்கு நுணுக்கமாகத்தான் பெட்டியின் இடம் குறிக்கப்படுகிறது. ஆனால் திறந்த வெளியில்கூட ஒரு கைப்பேசி ஐந்து மீட்டர்வரை பிழை காட்டலாம். உயர்ந்த மதிலை ஒட்டி நின்றால் பிழை இன்னும் கூடும். ஆகவே எண்கள் தேடுபவரை இடத்தின் பக்கத்தில்தான் கொண்டு சேர்க்கும். மீதித் தூரத்தைக் கண்ணும் பொறுமையுமே கடக்க வேண்டும்.

இன்று கைப்பேசியில் நொடியில் கிடைக்கும் இந்த எண்களுக்குப் பின்னால் பெரும் உழைப்பு இருக்கிறது. 1802இல் வில்லியம் லாம்டன், சென்னை பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீளமுள்ள ஒரு கோட்டைச் சங்கிலி கொண்டு அளந்தார். இந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த மாபெரும் நிலஅளவை அங்கிருந்து வளர்ந்தது. மலைகள் இல்லாத சமவெளியில் அவருக்குக் கோயில் கோபுரங்களே உயரமான இடங்களாக உதவின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் சுமார் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை மேலே ஏற்றும்போது அது சுவரில் மோதிச் சேதமடைந்தது. அதைச் சீர்செய்ய அவருக்குப் பல வாரங்கள் பிடித்தன.

காஞ்சியில் தேடியவர்கள்

ழுவோ துப்ரேய் (1885–1945) புதுச்சேரியில் ஆசிரியராகப் பணியாற்றிய பிரெஞ்சுக்காரர். தொல்லியல் அவருடைய தொழில் அன்று. ஓய்வு நேரத்து விருப்பம். ஊர் ஊராகச் சென்று பல்லவர் காலக் குகைகளையும் கோயில்களையும் பார்த்துக் குறிப்பெடுத்தார். 1914இல் தென்னிந்தியத் தொல்லியல் பற்றி இரண்டு தொகுதிகளைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். பல்லவர் தொன்மைகள் பற்றிய அவருடைய நூல் 1916இலும் 1918இலும் இரண்டு தொகுதிகளாக வந்தது.

கல்வெட்டு இல்லாத கட்டடத்தின் காலத்தை எப்படி அறிவது? துப்ரேய் கையாண்ட வழி எளியது. தூணின் மேல் உத்தரத்தைத் தாங்கும் உறுப்புக்குப் போதிகை என்று பெயர். பல்லவர் காலப் போதிகை வளைந்து, அலை போன்ற வரிகளுடன் இருக்கும். சோழர் காலத்தில் அது வெட்டுப் போதிகையாகக் கோணம் பெற்றது. விசயநகரக் காலத்தில் கீழே தொங்கும் பூமொட்டாக வளர்ந்தது. காலம் செல்லச் செல்ல இத்தகைய உறுப்புகள் மாறும் வரிசையை அவர் கண்டறிந்தார். அந்த வரிசை தெரிந்தவருக்கு ஒவ்வொரு தூணும் ஒரு துப்பு.

1931இல் காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பல்லவர் கால ஓவியங்களை அவர் கண்டறிந்தார். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் கட்டிய கோயில் இது. அதன் திருச்சுற்றில் வரிசையாக அமைந்த 58 சிறு சன்னதிகளில் சிலவற்றில், பிற்காலப் பூச்சுகளுக்கு அடியில் வண்ணங்கள் மறைந்திருந்தன. பக்தர்கள் நாள்தோறும் கடந்து சென்ற சுவர்கள்தாம் அவை. சோமாஸ்கந்தர் ஓவியத்தின் பகுதிகள் உட்பட எஞ்சியவற்றை இன்றும் அங்கே காணலாம்.

து. அ. கோபிநாத ராவ் 1915இல் வெளியிட்ட கட்டுரையில், காமாட்சியம்மன் கோயிலிலும் அதைச் சுற்றிய பகுதியிலும் தாம் கண்ட புத்தர் சிலைகளை விவரித்தார். அவற்றுள் நின்ற கோலத்தில் உள்ள பெரிய சிலை இப்போது சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. பள்ளி ஆசிரியராக வாழ்ந்த மயிலை சீனி. வேங்கடசாமி (1900–1980), 'பௌத்தமும் தமிழும்' என்ற நூலில் காஞ்சி உள்ளிட்ட ஊர்களின் பௌத்தச் சின்னங்களைத் தொகுத்துத் தந்தார்.

வரலாற்று அறிஞர் சி. மீனாட்சி (1905–1940) வேறொரு வழியில் தேடினார். காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றில் பல்லவ மன்னர்களின் வரலாறு தொடர் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளது. அவற்றில் எந்தக் காட்சி எந்த நிகழ்ச்சி என்பதைக் கல்வெட்டுகளோடும் செப்பேடுகளோடும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். அந்த நூல் அவர் மறைந்த மறு ஆண்டு, 1941இல், இந்தியத் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது.

இவர்களுள் ஒருவர் கட்டடத்தின் உறுப்புகளைப் பார்த்தார். ஒருவர் சிலைகளைத் தேடினார். ஒருவர் சிற்ப வரிசையைப் படித்தார். ஒருவர் சிதறிக் கிடந்த செய்திகளைத் திரட்டினார். ஒரே ஊரை ஒவ்வொருவரும் தத்தம் வழியில் தேடியதால்தான் அதன் வரலாறு இத்தனை பக்கங்களிலிருந்து நமக்குக் கிடைத்திருக்கிறது.

தூணில் ஒரு வருகைக் குறிப்பு

கைலாசநாதர் கோயிலின் முன் மண்டபத் தூண் ஒன்றில் கன்னட மொழிக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அது சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தனுடையது (ஆட்சி 733–744). காஞ்சியை வென்று நகருக்குள் வந்த அவன், இக்கோயிலின் செல்வத்தைக் கவர்ந்து செல்லாமல் கோயிலுக்கே விட்டுக்கொடுத்ததாக அக்கல்வெட்டு கூறுகிறது. பகைவன் ஊரில் கையில் கிடைத்ததை எடுக்காமல், வந்து சென்றதை மட்டும் பதிந்து சென்ற செய்தி இது.

இன்றைய பார்வையாளர்கள் சிலர் ஆணியால் கோயில் சுவரில் தம் பெயரைக் கீறுவதையும் வருகைப் பதிவு என்று எண்ணுகிறார்கள். கைலாசநாதர் கோயில் மணற்கல்லால் ஆனது. கீறினால் எளிதில் உதிரும். ஒரு கீறலில் போகும் பல்லவர் காலச் சுதையும் வண்ணமும் திரும்ப வராது. 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்துவோருக்கு 2 ஆண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம்.

காஞ்சியில் பெட்டி வைக்கலாமா?

கோயிலுக்குள்ளும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களிலும் பெட்டி வைக்கக் கூடாது. பேருந்து நிலையம், ரயில் நிலையம், கூட்டம் கூடும் மாடவீதி ஆகிய இடங்களிலும் வைக்கக் கூடாது. கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டி மக்களிடையே அச்சத்தை உண்டாக்கும். 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி என்ற ஊரில், இப்படி வைத்த ஒரு பெட்டியை வெடிகுண்டு என ஐயுற்று, ராணுவத்தினர் வெடிக்கச் செய்தனர். தனியார் நிலத்தில் வைக்க உரிமையாளரின் அனுமதி தேவை. எங்கு வைத்தாலும் மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டின் உலகப் பொது விதி.

தோண்டாமல் இருப்பதற்கு நம் நாட்டில் வேறொரு காரணமும் உண்டு. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 2020 டிசம்பரில் காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், குழம்பேசுவரர் கோயில் திருப்பணியின்போது பொன் பொருள்கள் கிடைத்தன. அவை கோயிலுக்கே உரியவை என்று ஊர்மக்கள் முதலில் தர மறுத்தனர். பின்னர் அரசு அலுவலர்களிடம் ஒப்படைத்தனர். பழம்பொருள் கிடைத்த இடமும் அது கிடந்த நிலையும் வரலாற்றுக்குச் சான்றுகள். இடம் தெரியாமல் கைமாறிய பொருள் பாதி ஊமையாகிவிடும்.

பெட்டியே இல்லாமல் விளையாடும் வகைகளும் உண்டு. குறித்த இடத்துக்குச் சென்று, அங்கு நேரில் பார்த்தால் மட்டுமே விடை தெரியும் கேள்விக்குப் பதில் எழுதுவது ஒரு வகை. பாறை, மண், நீர்நிலை ஆகியவற்றைப் பார்த்து அறியும் எர்த்கேச் என்ற வகை 2004இல் தொடங்கியது. எதையும் வைக்காமல், எதையும் எடுக்காமல் ஆடும் இவ்வகைகளே காஞ்சிபுரம் போன்ற ஊருக்குப் பொருந்துவன.

அவரவர் வழியில்

இந்த விளையாட்டில் எண்ணிக்கைக்காக ஓடுபவர்கள் உண்டு. புதிய பெட்டியை முதலில் கண்டவர் என்ற பெயருக்காக நள்ளிரவில் புறப்படுபவர்களும் உண்டு. அவை விதிகள் அல்ல; விருப்பங்கள் மட்டுமே. ஆண்டுக்கு இரண்டு இடங்களை நிதானமாகப் பார்ப்பவரும் இந்த விளையாட்டை முழுமையாக ஆடியவரே.

காஞ்சிபுரத்தில் மாணவர்கள் தாமே அமைத்துக்கொள்ளக்கூடிய தேடல்கள் பல. வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத் தூண்களை எண்ணி, பெயரும் எண்ணிக்கையும் பொருந்துகின்றனவா என்று பார்க்கலாம். அங்குள்ள போதிகைகளைக் கைலாசநாதர் கோயில் போதிகைகளோடு ஒப்பிடலாம். கைலாசநாதர் கோயிலை ஒட்டிய பிள்ளையார்பாளையம் நெசவாளர் பகுதி. அங்கே தறிச் சத்தம் கேட்கும் வீட்டில் அனுமதி கேட்டுச் சேலைக் கரையைப் பார்த்தால் அன்னம், மயில், யாளி, இருதலைப்பட்சி, கோபுரம் ஆகிய உருவங்கள் தெரியும். அவற்றுள் எவை கோயில் தூண்களில் இருக்கின்றன என்று தேடுவது ஒரு முழுநாள் வேலை. கரைக்கும் உடலுக்கும் வெவ்வேறு நிறம் கொடுத்து இணைக்கும் கோர்வை நெசவுக்கு, பழைய முறையில் தறியில் இருவர் வேண்டும். அதை நேரில் பார்க்காமல் புத்தகத்திலிருந்து புரிந்துகொள்வது கடினம்.

தேவையான பொருள்கள் ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில், குடிநீர். கைப்பேசி இருந்தால் நல்லது; இல்லாவிட்டால் ஊர் வரைபடம் போதும். நாள், இடம், பார்த்தது, புரியாதது ஆகிய நான்கையும் அன்றன்றே எழுதிவைக்க வேண்டும். துப்ரேய் முதலானோர் விட்டுச்சென்ற செல்வமும் குறிப்புகள்தாம். அவர்கள் பார்த்த தூண்களும் சிற்பங்களும் இன்னும் அங்கேயே நிற்பதால்தான், அடுத்து வருபவர் அக்குறிப்புகளைச் சரிபார்க்கவும் அவர்கள் பார்க்காமல் விட்டதைக் காணவும் முடிகிறது.