வெகுளியும் எள்ளலும்: தகடூர்த் தூதும் டொனால்டு வாத்தும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலுள் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கனையும், வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கனையும் நிலைக்களன்களாக ஓதினார். இவ்விரண்டும் வெவ்வேறு மெய்ப்பாடுகளே. எனினும் ஒருவரது வெகுளி காண்பார்க்கு நகையாதலும் உண்டு. அஃது எங்ஙனம் நிகழும் என்பதனை டொனால்டு என்னும் வாத்தின் அசைவூட்டப் படங்கள் நன்கு விளக்குகின்றன.

வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் 1934 சூன் 9 ஆம் நாள் வெளியிட்ட 'தி வைஸ் லிட்டில் ஹென்' என்னும் குறும்படத்தில் இவ்வாத்து முதன்முதல் தோன்றியது. ஆண்டு அது வேலைக்கு அஞ்சி வயிற்றுவலி நடிக்கும் சோம்பேறி, அவ்வளவே. அதன் சினம் அவ்வாண்டே வந்த 'ஆர்ஃபன்ஸ் பெனிஃபிட்' படத்தில் வெளிப்பட்டது. மேடையேறிப் பாட்டு ஒப்பிக்கும் வாத்தைச் சிறுவர் குறும்பு செய்து இடைமறிக்கின்றனர். அது முட்டி உயர்த்திக் குதிக்கின்றது. கிளாரன்ஸ் நாஷ் அளித்த குரலோ சினம் மிகுந்தோறும் சொல் சிதைந்து வெற்றொலியாகின்றது.

தொல்காப்பியர் கூறும் வெகுளிக் காரணங்கள் நான்கும் பெருந்தீங்குகள். வாத்தின் சினத்திற்குக் காரணமோ சிறுவர் குறும்பு. காரணம் சிறுத்துச் சினம் பெருத்தவழி, வெகுளி தன் நிலையினின்றும் வழுவி நகையாகின்றது. கொண்டது விடாத மடனும் அதற்குத் துணையாகின்றது.

இனி, காரணம் உண்மையிலேயே பெரிதாயின் என்னாம்? 1943 சனவரி 1 இல் வெளிவந்த 'டெர் ஃபியூரர்ஸ் ஃபேஸ்' இவ்வினாவிற்கு விடையாகும். இட்லரின் ஆட்சிக்குட்பட்ட படைக்கலத் தொழிற்சாலையில், ஓயாது வரும் குண்டுகளுக்கு மூடி முறுக்கியும், இட்லர் படம் வருந்தோறும் வணங்கியும் வாத்து அறிவு கலங்குகின்றது. முடிவில் அனைத்தும் கனவென விழிக்கின்றது. ஈண்டு நாம் நகுவது வாத்தை அன்று, கொடுங்கோலனை. நகையின் களன் எள்ளலாக மாறிவிட்டது. இப்படம் 1942 ஆம் ஆண்டிற்குரிய ஆஸ்கர் பரிசு பெற்றது.

படைக்கலங்களைக் காட்டிப் போரை எள்ளும் இம்முறை தமிழர்க்குப் புதிதன்று. இன்றைய தருமபுரியாகிய தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்றவர் ஔவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டியபோது அவர் பாடியதே புறநானூற்றின் 95 ஆம் பாட்டு. இவன் படைகள் பீலி சூடி, மாலை அணிந்து, நெய்பூசிக் காவல்மனையில் உள்ளன; அதியமானுடையவோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லன் உலைக்களத்தில் உள்ளன என்பது அதன் கருத்து. புகழ்வார்போன்று பழித்த இஃது எள்ளலின் நுண்ணிய வடிவமாகும்.

இரண்டற்கும் வேறுபாடும் உண்டு. அமெரிக்கப் படம் போரில் இறங்கிய பின்னர்த் தன் நாட்டார் முன் காட்டப்பட்டது. ஔவையாரோ பகையரசன் முகத்தெதிரே, அவனது கொட்டிலிலேயே நின்று எள்ளினார். தன் மக்களிடையே பகைவனை எள்ளுதல் எளிது. பகைவனிடமே எள்ளுதல் உயிரைப் பணயம் வைத்தலாம். எள்ளல் என்னும் மெய்ப்பாட்டை ஆராய்வார், எள்ளப்பட்டவன் யாவன் என்பதோடு, எள்ளியவர் எவண் நின்று எள்ளினார் என்பதனையும் நோக்குதல் வேண்டும்.