ஒரு கடற்கரைச் சாலையும் ஒரு மலைச் சாலையும்

மோட்டார் சைக்கிள் பைத்தியம் பிடித்தவர்களிடம் "வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஓட்ட வேண்டிய ரோடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். பல பேர் கலிபோர்னியாவின் நெடுஞ்சாலை எண் 1-ஐச் சொல்வார்கள். கார்மெல் என்ற ஊரிலிருந்து தெற்கே சான் சிமியோன் வரை சுமார் 150 கிலோமீட்டர். பிக் சர் என்று பெயர் பெற்ற பகுதி இது. இடப்பக்கம் மலை, வலப்பக்கம் பசிபிக் கடல். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகப் போவதால் தெற்கு நோக்கிப் போகிறவனுக்குத்தான் கடலோர ஓரம் கிடைக்கும். பிறகு உள்நாட்டுச் சமவெளியைக் குறுக்கே கடந்து, யோசெமிட்டி தேசியப் பூங்கா வழியாக டியோகா கணவாய் ஏறினால் 9,943 அடி உயரம். கடல்மட்டத்திலிருந்து பனிமலை வரை இரண்டு மூன்று நாளில் ஓட்டி முடித்துவிடலாம்.

ஓட்டிய அனுபவத்தை எழுத ஆரம்பித்தால் "ஆஹா காற்று, ஓஹோ கடல்" என்று நாலு பக்கம் போய்விடும். அது கிடக்கட்டும். சர்வேயிங் வகுப்பில் செயினைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்தவனுக்கு ஒரு ரோட்டைப் பார்த்தால் வேறு கேள்விதான் தோன்றும். இதை யார் போட்டது? எப்படிப் போட்டார்கள்?

கடற்கரைச் சாலையின் கதை ஒரு டாக்டரிடம் தொடங்குகிறது. 1894-ல் பாயின்ட் சர் கலங்கரை விளக்கத்துக்கு அருகே 'லாஸ் ஏஞ்சல்ஸ்' என்ற கப்பல் பாறையில் மோதியது. உயிர் தப்பியவர்களுக்கு வைத்தியம் பார்க்க மான்டெரியிலிருந்து ஜான் ராபர்ட்ஸ் என்ற மருத்துவர் குதிரை வண்டியில் கிளம்பினார். அந்தப் பாதை எத்தனை மோசம் என்பதை அன்றைக்கு அனுபவித்தவர் அதோடு விட்டுவிடவில்லை. 1897-ல் மான்டெரியிலிருந்து சான் லூயிஸ் ஒபிஸ்போ வரை கரையோரமாகவே நடந்து, வரைபடம் போட்டு, இங்கே சாலை போட முடியும் என்று வாதாடினார். அவர் போட்ட எஸ்டிமேட் 50,000 டாலர். சாலை 1937-ல் முடிந்தபோது ஆகியிருந்த செலவு ஏறக்குறைய ஒரு கோடி டாலர்! எஸ்டிமேஷன் பேப்பரில் அரியர்ஸ் வைத்தவர்கள் இதைப் படித்துக் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

வேலை 1919-ல் ஆரம்பித்தது. பணம் தீர்ந்து இடையில் நின்று, 1928-ல் மறுபடி வேகம் பிடித்து, மொத்தம் 18 வருஷம். ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. ஊரே இல்லாத செங்குத்து மலையில் வந்து டைனமைட் வைக்க யார் வருவார்கள்? சான் குவென்டின் சிறையிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்தார்கள். லிட்டில் சர் ஆற்றங்கரையிலும் வேறு சில இடங்களிலும் முகாம். ஒரு நாள் கூலி 35 சென்ட். கூடவே தண்டனைக் காலத்தில் கொஞ்சம் கழிவு. இன்றைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் நின்று போட்டோ எடுக்கிற திருப்பங்களில் பலவற்றின் முதல் பாறையை உடைத்தவன் ஒரு கைதி. அவன் பெயரை அங்கே எந்தப் பலகையிலும் நான் பார்க்கவில்லை.

இந்தச் சாலைக்கு முப்பதுக்கும் மேல் பாலங்கள் தேவைப்பட்டன. அவற்றில் பெரியது பிக்ஸ்பி ஓடைப் பாலம். காலண்டரிலும் கார் விளம்பரத்திலும் நீங்கள் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். ஒற்றை கான்கிரீட் ஆர்ச், இடைத்தூரம் 320 அடி, ஓடையிலிருந்து உயரம் 260 அடிக்கு மேல். இரும்பிலா கான்கிரீட்டிலா என்ற விவாதம் வந்தது. உப்புக்காற்றில் இரும்புக்கு ஓயாமல் பெயின்ட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் கான்கிரீட் ஜெயித்தது. 1931 ஆகஸ்டில் தொடங்கி 1932 அக்டோபரில் முடித்தார்கள். 45,000 மூட்டை சிமென்ட், 6,600 கன கஜம் கான்கிரீட். அதற்கும் முன்னால், ஆர்ச்சைத் தாங்க மரத்தாலேயே ஒரு மலை மாதிரி சாரம் கட்டினார்கள். பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டிய கம்பிவடத்தில் தொட்டிகளைத் தொங்கவிட்டுக் கான்கிரீட்டை ஊற்றுமிடத்துக்குக் கொண்டுபோனார்கள். பாலம் தயாராகி ஐந்து வருஷம் கழித்துத்தான் சாலை முழுதும் திறந்தது என்பது வேடிக்கை. சும்மா சொல்லக்கூடாது, தொண்ணூறு வருஷத்துக்குப் பிறகும் அது அழகாகத்தான் நிற்கிறது.

பாலம் நின்றது, மலை நிற்கவில்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது. சான்டா லூசியா மலைத்தொடர் கடலிலிருந்து நேராக எழும்புகிறது. கோன் பீக் என்ற சிகரம் 5,155 அடி. கடலுக்கும் அதற்கும் சுமார் ஐந்து கிலோமீட்டர்தான். பல இடங்களில் பாறை என்று பெயரே தவிர, நிலத்தட்டுகளுக்கு இடையே அகப்பட்டு நொறுங்கிய கலவை. மேலே மழைநீர் இறங்கித் துளைநீர் அழுத்தம் ஏறுகிறது, கீழே அலை அடிவாரத்தை அரிக்கிறது, நடுவே நாம் சாலைக்காகச் சரிவை வெட்டி வைத்திருக்கிறோம். சாயில் மெக்கானிக்ஸ் படித்த யாருக்கும் மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. திறந்த நாளிலிருந்து ஐம்பது தடவைக்கு மேல் இந்தச் சாலை மூடப்பட்டிருக்கிறது. 1983 சரிவில் ஒரு வருஷத்துக்கும் மேல் மூடிக்கிடந்தது.

2017-தான் உச்சம். ஐந்து வருஷ வறட்சிக்குப் பின் வந்த கனமழையில் பிப்ரவரியில் ஃபைஃபர் கான்யன் பாலத்தின் தூண் நகர்ந்து, பாலத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. மே 20-ந்தேதி தெற்கே மட் கிரீக் என்ற இடத்தில் மலை அப்படியே சரிந்து, கால் மைலுக்கும் மேல் சாலையைப் புதைத்துவிட்டுக் கடலுக்குள் போய்ப் புது நிலமாகவே நீட்டிக்கொண்டது. இரண்டுக்கும் நடுவில் இருந்த ஜனங்கள் ஒரு தீவில் மாட்டிக்கொண்ட மாதிரி. சாமான்கள் ஹெலிகாப்டரில் வந்தன. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகப் பள்ளத்தாக்கைச் சுற்றிக் காட்டுக்குள் ஒரு நடைபாதை போட்டார்கள். புதிய பாலத்தை அந்த அக்டோபரிலேயே திறந்தது பெரிய சாதனை: 310 அடி, நடுவில் தூணே கிடையாது, செலவு 2.4 கோடி டாலர். தூண் வைத்தால்தானே மலை அதைத் தள்ளும்! மட் கிரீக்கில் சரிந்த மண்ணின் மேலேயே கரை எழுப்பிப் போட்ட சாலை 2018 ஜூலையில் திறந்தது, செலவு 5.4 கோடி. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 2021-ல் ரேட் கிரீக்கில் 150 அடி சாலை கடலோடு போயிற்று. 2023-ல் பால்ஸ் சரிவு, 2024-ல் ரீஜன்ட்ஸ் சரிவு.

இனி மலைச் சாலை. டியோகா சாலைக்கு வெள்ளி ஆசைதான் காரணம். சியெரா நெவாடா உச்சியில் வெள்ளிச் சுரங்கம் வைத்திருந்த ஒரு கம்பெனி, இயந்திரங்களைக் கொண்டுபோக 1882-83-ல் 56 மைல் வண்டிப்பாதை போட்டது. உடைத்தவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளிகள். வெள்ளைக்காரத் தொழிலாளிக்குக் கிடைத்ததைவிடக் குறைந்த கூலி. கருங்கல் மலையில் கைக்கருவிகளும் வெடிமருந்தும் வைத்துக்கொண்டு, சுமார் 130 வேலை நாட்களில் முடித்தார்கள். அடுத்த வருஷமே கம்பெனி மூழ்கியது. வெள்ளி ஒரு வண்டிகூட இறங்கவில்லை. சாலை மட்டும் மிச்சம்! 1915-ல் ஸ்டீபன் மேத்தர் தன் பணமும் நண்பர்கள் பணமுமாக 15,500 டாலருக்கு அதை வாங்கி அரசாங்கத்துக்குக் கொடுத்தார். பின்னால் தேசியப் பூங்காத் துறையின் முதல் இயக்குநரானவர் இவர்தான். இன்று நாம் ஓட்டுகிற அகலமான சாலை 1961-ல் திறந்தது. அதற்காக டெனாயா ஏரிக்கரையில் பனியாறு தேய்த்து வழவழப்பாக்கிய கருங்கல்லை 1958-ல் வெடி வைத்து உடைத்தபோது புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் கடுமையாக எதிர்த்தார். அவர் கட்சிதான் எனக்கும் சரியென்று படுகிறது. இருந்தும் அதே வளைவில் கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரைத் திருகியவன்தான் நானும்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. கணவாயின் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட முப்பது சதவீதம்போலக் குறைவு. இன்ஜின் சக்தியும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு விழும். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் பெட்ரோலின் அளவைச் சரி செய்யும், இல்லாத காற்றை எங்கிருந்து கொண்டுவரும்? கிழக்கே இறங்கும்போது பன்னிரண்டு மைலில் மூவாயிரம் அடிக்கு மேல் இறக்கம். கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிக் கைவிட்டுவிடும்.

இரண்டு சாலைக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அங்கேதான் புரிந்தது. டியோகாவை வருஷா வருஷம் பனி விழுந்ததும், பெரும்பாலும் நவம்பரில், கேட்டைப் போட்டு மூடிவிடுகிறார்கள். மே கடைசியிலோ ஜூனிலோதான் திறப்பு. பனி அதிகமென்றால் ஜூலைகூட ஆகும். அதை யாரும் தோல்வி என்று சொல்வதில்லை, சாலைக்கு லீவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். கடற்கரைச் சாலைக்கு அந்தச் சலுகை இல்லை. அங்கே குடும்பங்கள் இருக்கின்றன, கடைகள் இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் சரிவுகளில் கருவிகளைப் பதித்துவைத்து மண் எத்தனை அங்குலம் நகர்ந்தது என்று அளந்துகொண்டே இருக்கிறார்கள். பெருமழை வரும் என்று அறிவிப்பு வந்தால், மண் விழுமுன்னே சாலையை அடைத்துவிடுவதும் உண்டு.