படம் ஒன்று, மொழி எட்டு: மும்பைத் தமிழ் வகுப்பறையில் காட்சிக் கருவிகளும் கல்வித் தொலைக்காட்சியும்

வகுப்பறையில் படம் காட்டிப் பாடம் நடத்தலாமா என்ற விவாதம் எப்போதோ முடிந்துவிட்டது. எபிடயாஸ்கோப், பிலிம் ஸ்டிரிப், ஸ்லைடு, ஓ.எச்.பி. என்று வரிசையாக வந்த கருவிகளைப் பள்ளிக்கூடம் ஏற்றுக்கொண்டது. இன்று புரொஜெக்டரும் ஸ்மார்ட் டிவியும் அந்த இடத்தில் இருக்கின்றன. முடியாமல் கிடப்பது வேறொரு கேள்வி. படத்தோடு வரும் குரல் யாருடையது? அந்தப் படத்தை நடுவில் நிறுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது? மும்பையில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளை முன்வைத்து இக்கேள்வியை ஆராய்கிறது இக்கட்டுரை. படத்தையும் குரலையும் பிரித்து, குரலை வகுப்பில் நிற்கும் ஆசிரியரிடமே விட்டுவிட்டால்தான் காட்சிக் கருவிகள் இப்பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பது இதன் வாதம்.

மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. இவற்றில் தமிழ்வழிப் பள்ளிகளின் நிலை தனி. பாடத்திட்டம் மகாராஷ்டிரத்தினுடையது, பயிற்றுமொழி தமிழ். கல்வித் தொலைக்காட்சி என்று வந்தால் இந்த இரண்டும் ஒரே இடத்தில் சேர்வதே இல்லை. 1984இல் புனேயில் தொடங்கப்பட்ட கல்வி நிகழ்ச்சித் தயாரிப்பு நிலையமான பாலசித்ரவாணி, 2017இல் மூடப்படும்வரை தயாரித்தவை பெரும்பாலும் மராத்தி வகுப்பறைக்கானவை. கொரோனாக் காலத்தில், 2020 ஜூலையில், தூர்தர்ஷன் சஹ்யாத்ரியில் ஒளிபரப்பான 'டிலிமிலி' கல்வி நிகழ்ச்சியும் மராத்தியில்தான் பேசியது. மறுபக்கம், 2019 ஆகஸ்ட் 26இல் தொடங்கிய தமிழ்நாட்டு அரசின் கல்வித் தொலைக்காட்சி நல்ல தமிழில் பாடம் சொல்கிறது. ஆனால் அது சொல்லும் பாடம் தமிழ்நாட்டுப் பாடநூலின் பாடம். மொழி பொருந்தும் இடத்தில் பாடம் பொருந்துவதில்லை, பாடம் பொருந்தும் இடத்தில் மொழி பொருந்துவதில்லை. இதற்கு யாரையும் குறைசொல்லிப் பயனில்லை. மொழிவாரி மாநிலங்களாகப் பிரிந்த நாட்டில் ஒளிபரப்பும் மாநில எல்லையோடு நின்றுவிடுவது இயல்பு. எல்லைக்கு அப்பால் வாழும் மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத்தான் இதனால் இழப்பு.

இதை ஒரு பாடத்தில் வைத்துப் பார்ப்போம். மும்பைப் புறநகரான விக்ரோலியை எடுத்துக்கொள்ளலாம். ரயில் பாதைக்கு மேற்கே பார்க்சைட் குன்றுச் சரிவு. கிழக்கே தாகூர் நகர். அதையும் தாண்டி விரைவுச் சாலை. சாலைக்கு அப்பால் தானே கடற்கழி வரை அலையாத்திக் காடு. கோத்ரெஜ் குழுமம் 1940களில் வாங்கிய நிலத்தில் பெரும்பகுதி ஆலையாகவும் குடியிருப்பாகவும் மாறியபோதும், கழியோரக் காடு காப்பாற்றப்பட்டது. 2015இல் தானே கழியின் ஒரு பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. இவ்வளவும் இருக்க, இங்குள்ள தமிழ்ப் பிள்ளைக்கு அலையாத்திக் காட்டைக் காட்டத் தமிழ்க் காணொளி தேடினால் முதலில் வருவது தமிழ்நாட்டின் பிச்சாவரம். பிச்சாவரம் அழகான இடம்தான். ஆயினும் பேருந்து ஜன்னல் வழியாக நாள்தோறும் பார்க்கும் காட்டை விட்டுவிட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள காட்டின் வழியாக அதே தாவரவியலைக் கற்பிப்பது கற்பித்தல் முறைக்கே முரணானது.

ஆசிரியர் ஒருவர் இப்பாடத்தைப் படங்களைக் கொண்டு எப்படி நடத்தலாம்? முதலில் வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்தின் கிளை ஒன்று வகுப்புக்கு வரட்டும். இலையின் மேல் படிந்திருக்கும் உப்பைப் பிள்ளைகள் விரலால் தொட்டுப் பார்க்கட்டும். இதற்குப் படம் வேண்டாம். இலையையே கையில் கொடுக்க முடியும்போது அதன் படத்தைச் சுவரில் காட்டுவது வீண். அடுத்து, நீர் வற்றிய வேளையில் கழியின் ஓரிடத்தை எடுத்த நிழற்படம் ஒன்று, ஒலி ஏதுமின்றி, வெள்ளையடித்த சுவரிலோ பச்சைப் பலகையிலோ விழ வேண்டும். சேற்றிலிருந்து பென்சில்களை நட்டு வைத்தாற்போல் மூச்சுவேர்கள் மேல்நோக்கி நிற்பது அதில் தெரியும். வேர் ஏன் மேல்நோக்கி வளர்கிறது என்று ஆசிரியர் கேட்கிறார். பதில் வரும்வரை படம் அப்படியே நிற்கிறது. பிறகு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, கடல் ஏறும்போது தண்ணீர் எதுவரை வரும் என்று அந்தப் படத்தின் மேலேயே சாக்பீஸால் கோடு போடச் சொல்கிறார். இன்னொரு பிள்ளை அதை மறுத்து வேறு கோடு போடலாம். அதன் பிறகுதான் அதே இடத்தின் ஏற்றகாலப் படம் வருகிறது. யார் போட்ட கோடு சரி என்பதை வகுப்பே பார்த்துக்கொள்ளும். கடைசியாக, மூச்சுவேரின் மேலுள்ள நுண்துளைகளைப் பெருக்கிக் காட்டும் ஒரு படம். அவை வெறும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாதவை. அதற்குப் புரொஜெக்டர் கட்டாயம் வேண்டும். புரொஜெக்டரை அணைத்த பிறகும் பலகையில் பிள்ளைகள் வரைந்த கோடுகள் நிற்கும். அதை வைத்தே குறிப்பு எழுதச் சொல்லலாம்.

இதே பாடத்தைக் குரலோடு கூடிய நான்கு நிமிடக் காணொளியாக ஓடவிட்டால் என்ன நடக்கும்? வேர் ஏன் மேல்நோக்கி வளர்கிறது என்ற கேள்வி பிள்ளையின் மனத்தில் எழுவதற்கு முன்பே குரல் விடையைச் சொல்லிவிடும். தொலைக்காட்சி எளிது, அச்சு கடினம் என்ற முன்னெண்ணம் பிள்ளைகளிடம் இருக்கிறது என்றும், அதனாலேயே திரையில் வருவதற்குக் குறைந்த மன உழைப்பையே அவர்கள் செலவிடுகிறார்கள் என்றும் கல்வி உளவியலாளர் கவ்ரியேல் சாலமன் 1984இல் எழுதினார். திரை இப்போது கைக்குள் வந்துவிட்ட நிலையில் அந்த எச்சரிக்கை இன்னும் பொருத்தமாகிறது. படம் நின்றால்தான் மனம் நகரத் தொடங்கும்.

நிறுத்த முடியாமை ஒளிபரப்போடு கூடவே பிறந்தது. ஆனால் படத்தையும் குரலையும் பிரிக்கலாம் என்பது இந்தியக் கல்வித் தொலைக்காட்சியின் தொடக்கக் காலத்திலேயே தெரிந்திருந்தது. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடந்த 'சைட்' பரிசோதனையில், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் என நான்கு மொழிகள். காலையில் பள்ளிகளுக்கு என ஒதுக்கிய ஒன்றரை மணி நேரத்தை நான்காகப் பகிர்ந்ததில் ஒரு மொழிக்குக் கிடைத்தது 22½ நிமிடம். தமிழ் அதில் இல்லை; தமிழ்நாடும் இல்லை, மகாராஷ்டிரமும் இல்லை. ஆயினும் இப்பரிசோதனையின் ஒரு தொழில்நுட்பக் கூறு நமக்கு முக்கியமானது. ஒரு படத்தோடு இரண்டு ஒலித்தடங்களை அனுப்பும் வசதி அந்தச் செயற்கைக்கோளில் இருந்தது. ஒரே காட்சியை இரு மொழிக்காரர்கள் தத்தம் மொழியில் கேட்க முடிந்தது. அப்போது அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் இயக்குநராக இருந்தவர், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து சென்ற இயற்பியலாளர் யஷ்பால். படம் எல்லோருக்கும் பொது, குரல் அவரவர்க்கு உரியது என்ற அந்த ஏற்பாடு பின்னாளில் வந்த அலைவரிசைப் பெருக்கத்தில் கவனிப்பாரற்றுப் போனது பெரிய இழப்பு என்றே சொல்ல வேண்டும். 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2017இல் ஸ்வயம் பிரபா 32 அலைவரிசைகளோடு வந்தது. 2022 மத்திய நிதிநிலை அறிக்கை 200 அலைவரிசைகளைப் பற்றிப் பேசியது. அலைவரிசைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. மும்பைத் தமிழ்ப் பிள்ளைக்கு, அவர் படிக்கும் பாடத்தை அவர் மொழியில் சொல்லும் அலைவரிசை மட்டும் வரவில்லை. வரும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. அவ்வளவு சிறிய கூட்டத்துக்குத் தனி அலைவரிசை நடத்த எந்த அரசும் முன்வராது.

ஆசிரியரை ஓரத்துக்குத் தள்ளிய ஏற்பாடுகள் வேறு நாடுகளிலும் நிலைக்கவில்லை. 1964இல் அமெரிக்க சமோவாவில் பாடத்தின் மையமாகவே தொலைக்காட்சியை வைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது துணைக்கருவி நிலைக்கு இறங்கிவிட்டது. மாறாக, 1968இல் மெக்சிகோ தொடங்கிய டெலிசெகுந்தாரியா என்ற தொலைக்காட்சிவழி இடைநிலைக் கல்வித் திட்டம் இன்றும் நடக்கிறது. ஒளிபரப்போடு பாடநூலும் வகுப்பிலேயே ஓர் ஆசிரியரும் அதில் உண்டு. நிலைத்ததற்கு இதுவே முதன்மைக் காரணம் என்பது என் கணிப்பு.

குரலை ஆசிரியரிடமே விட வேண்டும் என்ற வாதத்துக்கு மும்பையில் ஒரு மறுப்பு உடனே எழும். இங்கு வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இந்தி தெரியும்; சால் குடியிருப்பில், கடையில், மைதானத்தில் அவர் பேசுவதே இந்திதான்; ஆகவே யூடியூபில் கிடைக்கும் இந்திக் காணொளியைப் போட்டுக் காட்டினால் என்ன? பல வகுப்பறைகளில் நடப்பதும் இதுதான். இருப்பதைக் கொண்டு சமாளிக்கும் ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தெருவில் பேசும் இந்தி வேறு, ஒளிச்சேர்க்கையை விளக்கும் இந்தி வேறு. செம்பூரை அடுத்த மான்குர்தில் இயங்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 1974இல் தொடங்கப்பட்டது. அதைத் தொடக்கக் காலத்தில் வழிநடத்திய வி.ஜி. குல்கர்னியும் அவரோடு உழைத்தவர்களும் கண்டறிந்தவற்றில் முக்கியமானது, வீட்டு மொழியிலேயே படிக்கும் பிள்ளைக்கும்கூட அறிவியல் பாடநூலின் மொழிநடை ஒரு தடை என்பது. தாய்மொழிப் பாடநூலே தடையாகும்போது, தெருவில் பழகிய மொழியில் வேகமாக ஓடும் கலைச்சொல் விளக்கம் எவ்வளவு எட்டும்? காட்சி புரிந்துவிட்டதால் கருத்தும் புரிந்துவிட்டது என்று பிள்ளையும் ஆசிரியரும் சேர்ந்தே நம்பிவிடும் ஆபத்து இங்கு இருக்கிறது. தேர்வில் தமிழில் விடை எழுத வேண்டி வரும்போதுதான் அது வெளிப்படும்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கே குறிப்பிட வேண்டும். படிப்பதில் 10 விழுக்காடு, கேட்பதில் 20 விழுக்காடு, பார்ப்பதில் 30 விழுக்காடு நினைவில் நிற்கும் என்று ஆசிரியர் பயிற்சிகளில் தொடர்ந்து சொல்லப்படுகிறது. எட்கர் டேலின் பெயரில் இது வழங்குகிறது. 1946இல் வெளிவந்த அவர் நூலில் உள்ள அனுபவக் கூம்பில் இந்த எண்கள் கிடையாது. பிறர் பின்னாளில் ஒட்டவைத்தவை. கருவி வாங்குவதற்கு இந்த எண்களைக் காரணம் காட்டுவதை நாம் நிறுத்த வேண்டும்.

ஆசிரியரே இல்லாத இடத்தில் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. 2020இல் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது எங்கிருந்தோ வந்த குரல்தான் பல வீடுகளுக்குத் துணை. அதன் மதிப்பை மறுப்பதற்கில்லை. தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் அதை நிரப்புவதே தீர்வு. அந்த இடத்தில் திரையை வைத்துவிட்டுக் கணக்கை முடிப்பதை ஏற்க முடியாது.

எட்டு மொழிகளில் பள்ளி நடத்துவது மாநகராட்சிக்குச் சுமையாகத் தோன்றலாம். குரலற்ற படங்களைப் பொறுத்தவரை அதுவே சேமிப்புக்கு வழி. மகாராஷ்டிரப் பாடநூலின் ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்தாறு நிழற்படங்கள், தேவைப்படும் இடத்தில் ஒலியில்லாத சிறு அசைபடம்: இவற்றை ஒருமுறை தயாரித்தால் எட்டு மொழி வகுப்புகளுக்கும் அவையே போதும். மொழிதோறும் வேண்டியது ஆசிரியருக்கான இரண்டு பக்கக் குறிப்பு மட்டுமே: எந்தப் படத்தில் நிறுத்துவது, என்ன கேட்பது, எந்தக் கலைச்சொல்லை எப்போது சொல்வது. இணையம் இல்லாத பள்ளிக்கும் பென் டிரைவில் கொடுத்தனுப்பலாம். தமிழ்க் குறிப்புகளை எழுதத் தகுதியானவர்கள் வெளியே இல்லை. தாராவியிலும் செம்பூரிலும் இன்றைக்கும் வகுப்பெடுத்துக்கொண்டிருக்கும் தமிழ்வழி ஆசிரியர்களே அதற்கு உரியவர்கள். மாநகராட்சிக் கல்வித் துறை அடுத்த ஸ்மார்ட் டிவிக்கான டெண்டரை விடுவதற்கு முன் அவர்களை ஒரு மேசையில் உட்காரவைத்து, முதற்படியாக விக்ரோலிக் கழியோரக் காட்டின் படத்தொகுப்பையும் அதற்கான தமிழ்க் குறிப்பையும் தயாரிக்கச் சொல்ல வேண்டும்.